சுவரில் கருப்பு படிந்தால்: வீட்டுப் பூஞ்சைகளை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி இதுதான்: "படுக்கையறை அலமாரியை நகர்த்தினேன். பின்சுவர் முழுக்கக் கருப்புப் புள்ளிகள். குளியலறையில் ஓடுகளின் இடுக்கில் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று ஏதோ படிகிறது. மாடிப்படிக்குக் கீழே சுவரில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒன்று. இணையத்தில் தேடினால் 'நச்சுக் கருப்புப் பூஞ்சை' என்று பயமுறுத்துகிறார்கள். இவை என்ன வகை, எப்படிக் கண்டுபிடிப்பது, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமா?"

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நீங்கள் சொன்ன மூன்றில் இளஞ்சிவப்பு பெரும்பாலும் பூஞ்சையே இல்லை. வெள்ளை, உப்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கருப்பு மட்டும் பூஞ்சைதான், ஆனால் நீங்கள் பயப்படுகிற பூஞ்சையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஓதம் ஏறிய கட்டடங்களைப் பார்த்துக் காரணம் சொல்வது பல வருடமாக என் வேலை. போகிற இடத்தில் எல்லாம் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது "இது என்ன பூஞ்சை?" என்றுதான். நான் முதலில் தேடுவது தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை. இரண்டும் வேறு வேறு கேள்விகள் போலத் தோன்றும், ஆனால் ஒன்றுக்கு விடை தெரிந்தால் மற்றதற்கும் பாதி விடை கிடைத்துவிடும். ஒவ்வொரு பூஞ்சையும் தனக்குத் தேவையான அளவு ஈரம் இருக்கும் இடத்தில்தான் குடியேறும் என்பதே அதற்குக் காரணம்.

பூஞ்சை இல்லாததை முதலில் ஒதுக்கிவிடலாம். வெள்ளையாகப் பூத்திருப்பதை விரலால் நசுக்கிப் பாருங்கள். நறநறவென்று பொடியானால், வாடை ஏதும் இல்லாவிட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டதும் கரைந்து மறைந்தால் அது உப்பு. செங்கல், சிமென்ட், காரை ஆகியவற்றுக்குள் இருக்கும் உப்பைத் தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. தண்ணீர் ஆவியானதும் உப்பு மட்டும் மேலே தங்கிவிடுகிறது. மெல்லிய ஊசிகளாக வளர்ந்து பஞ்சு போலவே தெரியும், அதனால் ஏமாறுவது சகஜம். மரத்திலும் அட்டையிலும் உப்பு இப்படிப் பூக்காது. அங்கே வெள்ளையாகப் படர்ந்திருந்தால் அது பூஞ்சைதான். உண்மையான பூஞ்சை தண்ணீர் பட்டால் கரையாது, நனைந்து படுத்துக்கொள்ளும். தேய்த்தால் பொடியாகாமல் இழுசும். உப்பு என்று தெரிந்தாலும் நிம்மதியாக விட்டுவிடாதீர்கள். அந்தச் சுவருக்குள் தண்ணீர் நடமாடுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

குளியலறையின் இளஞ்சிவப்பு வழுவழுப்பு பெரும்பாலும் செரேஷியா மார்செசன்ஸ் என்ற பாக்டீரியா. 1819-இல் இத்தாலியில் சோளமாவுக் களி இரத்தம் போலச் சிவந்துபோனதை ஆராய்ந்த பார்தோலோமியோ பிட்சியோ என்பவர் இதற்குப் பெயர் வைத்தார். சோப்பு, ஷாம்பு இவற்றின் எச்சமே இதற்குப் போதுமான தீனி. தேய்த்துக் கழுவினால் உடனே போகும், ஈரம் நின்றால் சில நாளில் திரும்பி வரும். ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். சிலிக்கான் பூச்சிலோ ஜன்னல் சட்டத்திலோ முதலில் வெளிர் இளஞ்சிவப்பாகத் தோன்றி, நாளாக நாளாகப் பழுப்பாகிக் கருத்துப்போனால் அது ஆரியோபாசிடியம் என்ற பூஞ்சை. பெயின்ட் அடித்த பரப்புகளிலும் இது நன்றாகப் பிடிக்கும்.

கருப்பாக இருப்பதெல்லாமும் பூஞ்சை ஆகாது. விளக்குப் புகை, மெழுகுவத்திக் கரி, ஏசி காற்று வரும் வாய் ஓரத்தில் ஒட்டும் தூசி எல்லாமே கருப்புத்தான். பிளீச்சைத் தண்ணீரில் கலந்து ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சில நிமிடங்களில் கறை வெளுத்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். கரியும் தூசியும் வெளுக்காது. இந்தச் சோதனை வகையைச் சொல்லாது, உயிருள்ளதா அழுக்கா என்பதற்கு ஓரளவு வழிகாட்டும், அவ்வளவுதான்.

இப்போது பூஞ்சைக்கு வருவோம். ஒரு பொருளில் இருக்கும் ஈரம் முழுவதும் பூஞ்சைக்குக் கிடைத்துவிடாது. கிடைக்கும் பங்கை 0 முதல் 1 வரையிலான ஓர் அளவாகச் சொல்வார்கள். 0.8 என்றால், அந்தப் பொருளை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிலைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவு ஏற ஏற, வரும் ஆட்களும் மாறுவார்கள்.

0.8-க்குக் கீழேயே வளரத் தொடங்கிவிடும் முதல் கூட்டம் இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் குடும்பத்தின் சில வகைகள், சில பெனிசிலியம் வகைகள், சாக்லேட் நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளியாக வரும் வாலீமியா ஆகியவை இதில் சேரும். பூட்டிய அலமாரியில் தோல் செருப்பு, பெல்ட், பழைய புத்தக அட்டை இவற்றின் மேல் மெல்லிய மாவு தூவினாற்போல வருவது இந்தக் கூட்டம்தான். கசிவு எதுவும் இருக்காது, குழாய் உடைந்திருக்காது. காற்று ஓடாத இடத்தில் ஈரப்பதம் உயர்ந்திருக்கிறது, அதுவே போதும்.

0.8 முதல் 0.9 வரை இரண்டாவது கூட்டம். உங்கள் அலமாரிக்குப் பின்னால் இருப்பது இந்த இடத்து ஆள் என்றே நினைக்கிறேன்: கிளாடோஸ்போரியம். ஆலிவ் பச்சையில் தொடங்கி, பழுப்பு, கருப்பு வரை போகும். தொட்டால் வெல்வெட் போலவோ தூள் போலவோ இருக்கும். ஒரே திட்டாகப் படராமல் மிளகு தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக வந்து, பிறகு ஒன்றோடு ஒன்று சேரும். பூஞ்சை பரவுவது வித்துகள் என்ற நுண்துகள்களால்; வெளிக்காற்றில் மிக அதிகமாக மிதக்கும் வித்துகளில் இதனுடையதும் ஒன்று, அதனால் எந்த வீட்டுக்குள்ளும் தானாக வந்துவிடும். குளிரையும் தாங்கும். குளிர்சாதனப் பெட்டிக் கதவின் ரப்பர் மடிப்பில் கருப்பாகப் படிவதில் இதன் பங்கு பெரியது. வெளிச்சுவர் அறையைவிடக் குளிர்ந்திருக்கிறது, அதை ஒட்டி அலமாரி நிற்பதால் காற்று அங்கே போவதில்லை, அறைக்குள் நாம் விடும் மூச்சின் ஈரம் முழுவதும் அந்தக் குளிர்ந்த பரப்பில் போய்ப் படிகிறது. அலமாரியின் நிழல் போல, அதன் உயர அகலத்துக்குச் சரியாகக் கறை இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் இந்த வியர்வைதான், குழாய் அல்ல.

இதே கூட்டத்தில்தான் பெனிசிலியத்தின் பல வகைகளும். நீலப்பச்சை, ஓரத்தில் வெள்ளை விளிம்பு, வெல்வெட் பரப்பு. நனைந்த வால்பேப்பர், கம்பளம், மெத்தை, அட்டைப்பெட்டி இவற்றில் வேகமாகப் பரவும். கதவைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் மக்கிய வாடைக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம். பெனிசிலின் மருந்து இதிலிருந்துதானே வந்தது, நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். மருந்து தந்தது இந்தப் பேரினத்தின், அதாவது பெனிசிலியம் என்ற பெரிய கூட்டத்தின், ஓரிரு வகைகள். அதை வைத்து உங்கள் சுவரில் இருப்பது நல்லது என்று சொல்ல முடியாது.

ஆஸ்பெர்ஜில்லஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறம் பார்த்துச் சொல்வது அடியோடு தோற்றுப்போகிறது. 1729-இல் மிக்கேலி என்ற பாதிரியார் உருப்பெருக்கியில் இதைப் பார்த்தபோது, தேவாலயத்தில் புனித நீர் தெளிக்கும் கருவியின் தலை நினைவுக்கு வந்து அந்தப் பெயரையே வைத்தார். தண்டின் நுனியில் ஓர் உருண்டை, அதைச் சுற்றிச் சங்கிலி சங்கிலியாக வித்துகள். பெனிசிலியத்துக்கு அந்த உருண்டை கிடையாது, நுனி கிளை பிரிந்து தூரிகை போல இருக்கும். அதன் பெயருக்கே தூரிகை என்றுதான் பொருள். தண்டோடு பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். வித்துகள் மட்டும் தனியாக உதிர்ந்து காற்றில் வந்தால் இரண்டுமே ஒரே மாதிரி சின்ன உருண்டைகள். ஆய்வக அறிக்கையில் 'பெனிசிலியம்/ஆஸ்பெர்ஜில்லஸ்' என்று சேர்த்து எழுதியிருந்தால், நுண்ணோக்கியால் அதற்கு மேல் பிரிக்க முடியவில்லை என்று பொருள்.

நிறத்தைப் பொறுத்தவரை ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் கருப்பு, பிளேவஸ் மஞ்சள் கலந்த பச்சை, பியூமிகேடஸ் புகைநீலம், வெர்சிகலர் பெயருக்கேற்றபடி மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என எதுவாகவும் வரும். பிளேவஸ் உண்டாக்கும் அப்ளடாக்சின் என்ற நச்சு, 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்த பிறகுதான் கண்டுபிடிக்கப்பட்டது. அவை சாப்பிட்ட கடலைப் புண்ணாக்கில் அது இருந்தது. பியூமிகேடஸ் உடல் வெப்பத்திலும் அதைத் தாண்டியும் சுகமாக வளரும். அதனால்தான் நோய் எதிர்ப்பு சக்தி மிகக் குறைந்தவர்களின் நுரையீரலில் அது உயிருக்கே ஆபத்தாக முடியும். ஆரோக்கியமான ஒருவர் இதன் வித்துகளைத் தினமும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறார், உடல் அவற்றை அகற்றிவிடுகிறது.

ஆல்டர்னேரியா கரும்பழுப்பு, லேசான ரோமப் பரப்பு. ஜன்னல் விளிம்பு, கைகழுவும் தொட்டிக்குக் கீழே, சொட்டுச் சொட்டாக ஒழுகும் இடங்கள். நுண்ணோக்கியில் பார்த்தால் இதை மறக்கவே முடியாது. கதாயுதம் போன்ற பெரிய வித்து, உள்ளே குறுக்கும் நெடுக்கும் தடுப்புகள். ஆஸ்துமா இருப்பவர்களுக்கு இது பெரிய எதிரி. கண்ணால் மட்டும் பார்த்தால் கிளாடோஸ்போரியத்திலிருந்து இதைப் பிரிப்பது எனக்கே முடியாது, செல்போன் படத்தைப் பார்த்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

0.9-க்கு மேல் போனால் விஷயம் வேறு. அது வியர்வை ஈரம் இல்லை. கசியும் குழாய், ஒழுகும் கூரை, வெள்ளம். டிரைக்கோடெர்மா இங்கே வெள்ளையாகத் தொடங்கிப் பச்சைத் திட்டுகளாக மாறும். மரத்தையும் காகிதத்தையும் அப்படியே கரைத்துத் தின்னும். இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் இராணுவக் கூடாரத் துணிகளைத் தின்று தீர்த்தது இதன் ஒரு வகை. பின்னாளில் செல்லுலோஸை, அதாவது மரம், காகிதம், பருத்தியில் இருக்கும் நார்ப்பொருளை, சிதைக்கும் நொதி தயாரிக்கும் தொழிலே அதை வைத்து வளர்ந்தது. சீட்டோமியம் வெள்ளைப் பஞ்சாக வந்து சாம்பல், ஆலிவ், பழுப்பு என்று மாறும். நனைந்து போன ஜிப்சம் போர்டின் பின்பக்கத்தில் அடிக்கடி பார்த்திருக்கிறேன். பியூசேரியம் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக, நீர் தேங்கும் இடங்களில். இந்த மூன்றில் எது இருந்தாலும் துடைப்பதற்கு முன் குழாய்க்காரரைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், எல்லோரும் பயப்படும் ஸ்டாக்கிபாட்ரிஸ். 1837-இல் பிராக் நகர வீடு ஒன்றின் வால்பேப்பரிலிருந்து எடுத்து கோர்டா என்ற அறிஞர் இதை விவரித்தார். புதிதாக வந்தது இல்லை, அது அன்றைக்கே வீட்டுச் சுவரில்தான் இருந்தது. கரும்பச்சை கலந்த கருப்பு. ஈரமாக இருக்கும்போது தார் பூசியதுபோல் வழுவழுப்பாக மின்னும், காய்ந்தால் கரித்தூள் போலாகும். இதற்கு 0.94-க்குக் குறையாத ஈரம் வேண்டும், அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் போதாது, ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து. உணவும் அப்படித்தான். செல்லுலோஸ் நிறைய, நைட்ரஜன் குறைவு: ஜிப்சம் போர்டின் மேல்காகிதம், கூரைப் பலகை, அட்டை, வால்பேப்பர். ஓட்டிலும் கண்ணாடியிலும் சிலிக்கானிலும் நீங்கள் பார்க்கும் கருப்பு இதுவாக இருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. சாதாரண சிமென்ட் காரைச் சுவரிலும் அப்படியே. இன்னொன்று, இதன் வித்துகள் பிசினுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும், ஈரமாக இருக்கும்வரை காற்றில் எளிதாகக் கிளம்பாது. காய்ந்த பிறகு யாராவது உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால்தான் அறை முழுக்கப் பறக்கும்.

இதன் கெட்ட பெயருக்கு ஒரு கதை இருக்கிறது. 1993-94-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சில கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தது. அவர்களின் வீடுகளில் தண்ணீர் கசிந்தும் புகுந்தும் ஸ்டாக்கிபாட்ரிஸ் வளர்ந்திருந்ததாகச் சொன்னார்கள், செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அந்த ஆய்வைத் திரும்பப் பரிசீலித்து, அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000-இல் அறிவித்தது. அந்த அறிவிப்பு முதல் செய்தி பரவிய அளவுக்குப் பரவவே இல்லை. இந்தப் பூஞ்சை நச்சுப் பொருள்களை உண்டாக்குகிறது என்பது உண்மை, அதை வீட்டில் விட்டுவைக்கக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் கருப்பாக எதைப் பார்த்தாலும் குடும்பத்தோடு வீட்டைக் காலி செய்யும் அளவுக்கு ஆதாரம் கிடையாது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன், பலர் என்னிடம் கவலையோடு கேட்டிருக்கிறார்கள். கொரோனா காலத்தில் 'கருப்புப் பூஞ்சை நோய்' என்று பேசப்பட்டது இதுவல்ல. அது மியூக்கர், ரைசோபஸ் வகைப் பூஞ்சைகளால் வருவது. அந்தப் பூஞ்சைகள் வெள்ளை அல்லது சாம்பல் நிறம், பஞ்சு போல வேகமாக வளரும். நோயாளியின் உடலில் திசு இறந்து கருத்துப்போவதால்தான் அந்தப் பெயர். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகளும் அதற்கு வழிவிட்டன. குளியலறைக் கருப்பைப் பார்த்து அந்த நோய் வரும் என்று யாரும் தூக்கம் கெடவேண்டாம்.

சரி, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டுமா? பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையே இல்லை. எந்த வகை வந்தாலும் செய்ய வேண்டிய வேலை ஒன்றேதான்: ஈரத்தை நிறுத்து, பூஞ்சையை அகற்று. மேலே சொன்ன நோய்க் கட்டுப்பாட்டு மையமும் வகை கண்டுபிடிக்கும் சோதனையை வழக்கமாகச் செய்யச் சொல்வதில்லை. வீட்டுக் காற்றில் இத்தனை வித்துகள் வரை பாதுகாப்பு என்று உலகம் ஏற்றுக்கொண்ட எல்லை எதுவும் கிடையாது. உலகச் சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் எண்ணிக்கை எதையும் நிர்ணயிக்கவில்லை. ஓதமும் பூஞ்சையும் இருக்கும் வீட்டில் ஆஸ்துமாவும் மூச்சுத் தொந்தரவும் அதிகம், எனவே ஓதத்தைத் தடுங்கள் என்றுதான் சொன்னது.

அனுப்பத்தான் வேண்டும் என்ற நிலை சிலருக்கு வரும். வீட்டில் புற்றுநோய் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகோ ஒருவர் இருந்தால், வாடை அடிக்கிறது ஆனால் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை என்றால், வழக்கு இருந்தால். அப்போது சில விஷயங்களைத் தெரிந்துகொண்டு பணம் கட்டுங்கள். பூஞ்சை வளர்வதற்கான தீனி ஊற்றிய ஆய்வகத் தட்டைத் திறந்து அறையில் வைத்து 'வளர்ந்துவிட்டது பாருங்கள்' என்று காட்டும் சோதனை எந்த வீட்டிலும் வளரும், அதனால் அதற்குப் பொருளே இல்லை. கறையின் மேல் ஒளிபுகும் டேப்பை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது எளிது, மலிவு, பேரினம் வரை நம்பகமாகச் சொல்லும். தட்டில் வளர்த்துப் பார்த்தால் வகை வரை போகலாம், ஆனால் இறந்த வித்துகள் தப்பிவிடும். ஸ்டாக்கிபாட்ரிஸ் மெதுவாக வளர்வதால் சாதாரணத் தட்டில் பெனிசிலியம் அதை மூடிவிடும். காற்றை உறிஞ்சிப் பார்க்கும் சோதனை சில நிமிடக் காட்சி மட்டுமே. அதே நேரத்தில் வெளிக்காற்றிலும் ஒரு மாதிரி எடுக்காவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வெளியில் கிளாடோஸ்போரியம் நிறைய, உள்ளே கொஞ்சம் என்றால் இயல்பு. வெளியில் இல்லாத சீட்டோமியம் உள்ளே வந்தால், சுவருக்குள் எங்கோ நனைந்திருக்கிறது.

உங்கள் அலமாரிச் சுவருக்கு இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கறை ஒரு சதுர மீட்டருக்குள் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஆஸ்துமா இருந்தால் வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் தொடவே கூடாது. முதலில் ஈரமாக்கி, சோப்புத் தண்ணீரால் துடைத்து, அன்றே காயவிடுங்கள். பிளீச் கருப்பை வெளுக்கும், ஆனால் காரைக்கும் மரத்துக்கும் உள்ளே போன இழைகளை அது எட்டாது. அமோனியாவோ அமிலமோ உள்ள கழிப்பறைத் திரவத்தோடு அதைக் கலந்தால் நச்சு வாயு வரும், விளையாட்டாகக்கூடச் செய்யாதீர்கள். நனைந்து பூஞ்சை பிடித்த ஜிப்சம் போர்டு, அட்டை, மெத்தை இவற்றைச் சுத்தம் செய்ய முயலாமல் தூக்கிப் போடுங்கள். கறையின் மேல் பெயின்ட் அடிப்பது வேண்டவே வேண்டாம். அடித்த சுவர் மூன்று மாதத்தில் உரிந்து, அதே கருப்பு கீழிருந்து எட்டிப் பார்த்ததை ஒருமுறை அல்ல, பலமுறை பார்த்தாயிற்று.

சுத்தம் செய்து சுவர் காய்ந்த பிறகு, ஒரு அடி அகலத்துக்கு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரமானால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அலமாரியை நாலு விரல் அளவு தள்ளி வைத்து, காற்று ஓட விட்டு, ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றை வாங்கி அறையை 60 சதவீதத்துக்குக் கீழே, முடிந்தால் 50-க்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் ஈரம் கோத்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அப்போது அதே தாளை மாடிப்படிக்குக் கீழே உப்புப் பூத்த சுவரிலும் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பின்பக்கம் நனைந்தால் இரண்டு இடத்துக்கும் நடுவே ஓடும் குழாய் எது என்று கட்டடம் கட்டியவரிடமோ குழாய்க்காரரிடமோ கேளுங்கள், அங்கிருந்து தேடத் தொடங்கலாம்.